பதினாலு நாளில் மிஷனெரி ஆவது எப்படி?

மே மாசம் பொறந்தா எங்க பக்கத்துல மூணு விஷயம் நிச்சயம். நுங்கு வரும். வி.பி.எஸ். வரும். அப்புறம் கல்லூரிப் பசங்களை ரயிலேத்தி வடக்கே கூட்டிட்டுப் போற மிஷன் பயணம் வரும். பதினாலு நாள், தூங்கும் வசதி டிக்கெட், ஒரே கலர் டி-சர்ட், ரெண்டு கிட்டார். போறதுக்கு முன்னாடி மூணு நாள் முகாம். அந்த முகாமுக்குப் பேரு "கலாச்சாரம் கடந்த ஊழியப் பயிற்சி".

இந்தப் பதிவு அந்த மூணு நாளைப் பத்தித்தான்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் கிறிஸ்தவன். மிஷனெரி வேலையே கூடாதுன்னு சொல்ற கட்சி இல்லை. இங்க வந்து படிக்கிற நண்பர்கள்ல பாதிப்பேர் கடவுளே இல்லைங்கிறவங்க, கால்வாசிப்பேர் மிஷனெரின்னாலே மூக்குக்கு மேல கோவம் வர்றவங்க, மீதி எங்க சபைக்காரங்க. இந்தப் பதிவுக்கு மூணு தரப்பும் சேர்ந்து திட்டுவாங்கன்னு தெரியும். மத நல்லிணக்கத்துக்கு நம்மால முடிஞ்சது :-)

எங்க சித்தப்பா பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது இப்படி ஒரு பயணம் போயிட்டு வந்தான். நல்ல பையன். போனதுல நிஜமாவே மனசு கலங்கித்தான் வந்திருந்தான். கரண்ட் இல்லாத ஊரு, மலேரியா, அஞ்சு கிலோமீட்டர் நடந்து தண்ணி எடுக்கிற பொம்பளைங்கன்னு ராத்திரி முழுக்கப் பேசினான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த ஊர்ல என்ன பாஷைடா பேசறாங்க?"

"இந்தி மாதிரி ஏதோ ஒண்ணுண்ணே."

அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயசுப் பையன். கூட்டிட்டுப் போனவங்க அதை அவனுக்குச் சொல்லணும்னு நினைக்கல பாருங்க, அங்கதான் எனக்குப் பிரச்சனை. மூணு நாள் முகாம்ல பாட்டு சொல்லிக் கொடுத்திருக்காங்க, குறுநாடகம் சொல்லிக் கொடுத்திருக்காங்க, கடைசி நாள் ராத்திரி தீ மூட்டி சுத்தி உக்காந்து அர்ப்பணிப்பு அட்டையில கையெழுத்து வாங்கியிருக்காங்க. போற ஊரோட பாஷைப் பேரு மட்டும் பாடத்திட்டத்துல இல்லை.

இந்த அட்டை, கையெழுத்து எல்லாம் ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் இல்லை. 1886-ல அமெரிக்காவுல மசாசூசெட்ஸ் மாநிலத்துல மவுண்ட் ஹெர்மன்ங்கிற இடத்துல ஒரு மாசம் மாணவர் முகாம் நடந்துச்சு. 251 பேர் கலந்துக்கிட்டாங்க. முடியும்போது 100 பேர் வெளிநாட்டு மிஷனெரியா போறதா எழுதிக் கொடுத்தாங்க. அதுல இருந்து பொறந்ததுதான் மாணவர் தன்னார்வ இயக்கம். பின்னால நோபல் அமைதிப் பரிசு (1946) வாங்கின ஜான் மாட் அந்த நூறு பேர்ல ஒருத்தர். அதுக்கு முக்கிய காரணமா இருந்த ராபர்ட் வைல்டர் பொறந்தது நம்ம கோலாப்பூர்ல. அடுத்த சில பத்தாண்டுகள்ல அந்த இயக்கத்து வழியா கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் கடல் கடந்து போனதா கணக்கு. கையெழுத்துப் போட்டவங்க அதைவிடப் பல மடங்கு. ஆக அட்டையில கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் வேலை தேடினவங்கதான் அன்னைக்கும் பெரும்பான்மை. அதுல ஒண்ணும் வெக்கப்பட வேண்டியதில்லை, ராத்திரி பன்னெண்டு மணிக்கு நெருப்பு முன்னாடி எடுத்த முடிவு காலையில இட்லி சாப்பிடும்போது வேற மாதிரி தெரியறது மனுஷ இயல்பு.

அதுக்கும் முன்னாடி 1806-ல வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் அஞ்சு பேர் மழைக்கு ஒரு வைக்கோல்போருக்குப் பக்கத்துல ஒதுங்கினாங்க, அங்கேயே ஜெபம் பண்ணினாங்க. அதோட தொடர்ச்சியா 1810-ல அமெரிக்கன் போர்டு உருவாச்சு. "சரி, அதுக்கு நமக்கு என்ன"ன்னு கேக்காதீங்க. அந்த அமெரிக்கன் போர்டுக்காரங்கதான் 1816-ல யாழ்ப்பாணம் வந்தாங்க. 1823-ல வட்டுக்கோட்டை செமினரி ஆரம்பிச்சாங்க. 1834-ல அங்க இருந்து மதுரைக்கு வந்தாங்க. வட்டுக்கோட்டையில படிச்ச சி.வை.தாமோதரம்பிள்ளை 1857-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள்ல ஒருத்தர். பின்னால கலித்தொகையை அச்சில் ஏத்தினதும் அவர்தான். அதே மிஷனைச் சேர்ந்த வின்சுலோ 1862-ல போட்ட தமிழ் அகராதியை இன்னைக்கும் நாம இணையத்துல திறந்து பாத்துக்கிட்டிருக்கோம். ஒரு வைக்கோல்போர் எங்கெங்கே கொண்டாந்து விடுது பாருங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்ணி இன்னும் வரல. யாழ்ப்பாணத்துக்கு மிஷனெரி வந்து ரெண்டு மூணு தலைமுறை ஆனதும், அங்க இருந்த தமிழ் மாணவர்களே ஒரு மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சு எங்க ஆள் அனுப்பினாங்கன்னு நினைக்கறீங்க? பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம், நம்ம ராமநாதபுரத்துத் தொண்டிக்கு! 1902-ல பாளையங்கோட்டை பக்கத்துக்காரர் ஒருத்தர் ஒய்.எம்.சி.ஏ. வேலையா யாழ்ப்பாணம் போனார். இதைப் பாத்தார். "அவங்க நம்ம ஊருக்கு ஆள் அனுப்பறாங்க, இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை நாம யாருக்கு அனுப்பறோம்?"ங்கிற கேள்வியோட திரும்பினார். அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளைக்காரர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சார், கணக்குப் பரீட்சை எழுத முடியாமப் போய் டிகிரி வாங்காமலே வந்துட்டார் (அரியர் வச்சிருக்கிற தம்பிகள் ஆறுதல் அடைக). 1903-ல திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாச்சு. 1905 கிறிஸ்துமஸ் அன்னைக்கு செராம்பூர்ல தேசிய மிஷனெரி சங்கம். நம்ம ஊர்க் காசு, நம்ம ஊர் ஆள்னு திட்டம். போன இடம் நிஜாம் ஆட்சியில இருந்த தோர்ணக்கல். தெலுங்கு நாடு.

1909-ல அசரியாவே ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுட்டு அங்க போனார். தெலுங்கு படிச்சார். 1912-ல ஆங்கிலிகன் சபையோட முதல் இந்தியப் பிஷப் ஆனார். 1945-ல இறக்கிற வரைக்கும் தோர்ணக்கல்தான். அங்க 1939-ல பிரதிஷ்டை பண்ணின பேராலயத்தோட படத்தைப் பாருங்க, கோயில் தூணும் மசூதி குவிமாடமும் சேர்ந்த மாதிரி இருக்கும். வெள்ளைக்கார கோதிக் கோபுரத்தைத் தூக்கிட்டு வந்து நடல. பதினாலு நாள்ல வர்ற புத்தி இல்லை அது, முப்பது வருஷம்.

இவர் 1910-ல எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டுல பேசினதுதான் என்னைப் பொறுத்தவரை பயிற்சி முகாம்கள்ல முதல் நாள் முதல் பாடமா இருக்கணும். மேடை பூரா வெள்ளைக்காரங்க. முப்பத்தஞ்சு வயசு தமிழர் எழுந்து, நீங்க நிறைய தியாகம் பண்ணியிருக்கீங்க, ஏழைகளுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கீங்க, அதுக்கெல்லாம் நன்றி, ஆனா எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கன்னு பேசினார். அதாவது இத்தனை வருஷம் கூட வேலை பாத்தும் உங்க வீட்டுல எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது இல்லைங்கிற சங்கதியைப் போட்டு உடைச்சார். ஹால்ல பலருக்கு முகம் சிவந்துடுச்சாம்.

அசரியா பேரைச் சொல்லி நடக்கிற முகாம்கள்ல இந்தக் கதையை "பாத்தியா, நம்ம ஆளு வெள்ளைக்காரனை எப்படிக் கேட்டாரு"ன்னு கைதட்டறதுக்கு மட்டும்தான் சொல்றாங்க. இன்னைக்கு ஜார்க்கண்ட் மலையில இறங்கற டி-சர்ட் பையன்தான் அந்த வெள்ளைக்காரன் இடத்துல இருக்கான்னு யாரும் சொல்றதில்லை. காசு இவன்கிட்ட, கேமரா இவன்கிட்ட, மைக் இவன்கிட்ட, ரிட்டர்ன் டிக்கெட்டும் இவன்கிட்ட. அங்க இருக்கிறவங்ககிட்ட என்ன இருக்குன்னு கேக்கணும்னு தோணாம வளர்த்து அனுப்பறோம்.

சரி, பாஷைக்கு வர்றேன். இந்தச் சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு, பொறுத்துக்கோங்க.

ராஜ்மகால் மலையில இருக்கிற மால்டோ மக்கள்கிட்ட நம்ம தமிழ்நாட்டு நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு (எஃப்.எம்.பி.பி.) ஆட்கள் பல வருஷமா வேலை செய்யறாங்க. மலேரியா, காலா-அசார் ரெண்டும் குடும்பம் குடும்பமா ஆளைக் கொண்டுபோன பகுதி. இவங்க பதினாலு நாள் கோஷ்டி இல்லை, அங்கேயே போய்த் தங்கினவங்க. அதனால இந்தப் பதிவு அவங்களைப் பத்தினது இல்லை. சொல்ல வந்தது வேற. மால்டோ ஒரு திராவிட மொழி! ஜார்க்கண்ட் நடுவுல, சுத்தி இந்தி, வங்காளி, சந்தாலிக்கு மத்தியில நம்ம ஒண்ணுவிட்ட சொந்தக்காரன் உக்காந்திருக்கான். "நான்"ங்கிறதுக்கு "ஏன்", "நீ"ங்கிறதுக்கு "நீன்". அதைவிட அருமையான விஷயம், நாம "நாங்கள்", "நாம்"னு ரெண்டா பிரிக்கிறோமே, அந்தப் பிரிவு மால்டோவிலும் இருக்கு. இங்கிலீஷ்ல கிடையாது. இந்தியிலும் கிடையாது, எல்லாத்துக்கும் ஒரே "ஹம்"தான்.

இது ஏதோ இலக்கணப் புலவர் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. ஒருத்தன் ஊர் நடுவுல நின்னு "நாம எல்லாரும் பாவிகள்"ங்கிறதுக்கும் "நாங்க எல்லாரும் பாவிகள்"ங்கிறதுக்கும் எவ்வளவு தூரம்! முதல்ல சொன்னா கேக்கிறவனையும் சேத்து இழுக்கறான். ரெண்டாவதைச் சொன்னா தன் பாவத்தை மட்டும் ஒத்துக்கிட்டு நிக்கிறான். "நம்ம நிலம்"னு சொல்றதா "எங்க நிலம்"னு சொல்றதாங்கிறதுல ஊர்ல வெட்டுக்குத்தே நடக்கும். இங்கிலீஷ் புத்தகத்தை வச்சுப் படிச்சவன் இந்த இடத்துல முட்டிப்பான். தமிழ்ப் பையனுக்கு இது தாய்ப்பால்ல வந்த அறிவு. அது தன்கிட்ட இருக்குன்னே தெரியாம, உடைஞ்ச இந்தியில பேசிட்டு வர்றான்.

(இந்தி எதிர்ப்புக்கு மொழிப்போர் நடத்தின மாநிலத்துல இருந்து போய், மலைவாழ் மக்கள்கிட்ட இந்தியைத் திணிச்சுட்டு வர்றோம்ங்கிற நகைமுரணை யாராவது கவனிச்சீங்களா?)

ஒலிப் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. நம்ம எழுத்துல ஒரே "க"தான். அதையே கல், பகல், தங்கம்னு இடத்துக்கு ஒரு மாதிரி ஒலிக்கிறோம், நமக்கே தெரியாம. இந்தியில நாலு க. சாப்பாடும் "கானா", பாட்டும் "கானா" நம்ம எழுத்துல. அவங்களுக்கு ரெண்டும் வேற வேற ஒலி. பசியில இருக்கிறவன்கிட்ட போய்ப் பாட்டு கேட்டா என்ன ஆகும்! இதைக் காதுக்குப் பழக்கணும்னா தினமும் ஒரு மணி நேரம்னு சில மாசம் உக்காரணும். 1934-ல அமெரிக்காவுல ஆர்க்கன்சா மாநிலத்துல கேமரன் டவுன்சென்ட் மொழிப் பயிற்சி முகாம் ஆரம்பிச்சப்போ வந்த மாணவர்கள் ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு பேருக்காகவும் முகாமை நடத்தினார். அது வளர்ந்து இன்னைக்கு உலகம் பூராவும் எழுத்தில்லாத மொழிகளுக்கு எழுத்தும் இலக்கணமும் எழுதற பெரிய மொழியியல் நிறுவனமா நிக்குது. நம்ம ஆளுங்க ரெண்டு பேர் வந்தா முகாமை ரத்து பண்ணிடுவாங்க, பஸ் வாடகை கட்டுப்படியாகாது.

பாஷை மட்டும் போதுமான்னா, போதாது. ஒரு சின்ன உதாரணம். நம்ம பையன் ஒருத்தன் வடக்கே போய் ஒரு வீட்டுல உக்காந்து பேச்சுவாக்குல "எனக்கு மாமா பொண்ணைப் பேசி வச்சிருக்காங்க"ன்னு வெள்ளந்தியாச் சொல்றான்னு வைங்க. வட இந்தியாவுல பல இடங்கள்ல மாமா பொண்ணு தங்கச்சி முறை! அந்த வீட்டுல அதுக்கப்புறம் இவன் என்ன ஒழுக்கம் போதிச்சாலும் எடுபடுமா? உறவுமுறை, சாப்பாடு, பொம்பளைங்ககிட்ட எவ்வளவு தூரத்துல நின்னு பேசறது, பெரியவங்க முன்னாடி எப்படி உக்கார்றதுன்னு அங்க கத்துக்க வேண்டியது ஆயிரம். முகாம்ல இதுக்கெல்லாம் "செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை"ன்னு ஒரு பக்கம் ஜெராக்ஸ்.

இதை ஒழுங்காச் செஞ்ச ஒரு ஆள் நம்ம தரங்கம்பாடியிலயே இருந்தார். சீகன்பால்க். ஹாலேயில படிச்ச ஜெர்மன் மாணவர், 1706 ஜூலையில வந்து இறங்கினப்போ அவருக்கு இருபத்திநாலாவது பிறந்தநாள் மறுநாள். கல்லூரி முடிச்ச வயசுதான். அவருக்கு யாரும் தமிழ்ப் பயிற்சி கொடுத்து அனுப்பல, அப்படி ஒண்ணு ஐரோப்பாவுலயே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் இடத்துக்கே கூப்பிட்டு வச்சு, சின்னப் பிள்ளைங்களோட மணல்ல விரல் வச்சு அ, ஆ எழுதிப் படிச்சார்னு படிச்சிருப்பீங்க. எனக்கு அதைவிடப் பெருசாப் படறது இன்னொண்ணு. அவரும் கூட்டாளிகளும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில்களைக் கடிதமா வாங்கி ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்பினாங்க. எங்களைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க. வந்த பதில்கள்ல தாட்சண்யமே இல்லை. மாட்டுக்கறி தின்னுறீங்க, குடிக்கிறீங்க, ஒழுங்காக் கழுவறதில்லை, இதுல உங்க மதத்துக்கு நாங்க வரணுமாக்கும்! இதைத் தூக்கிப் போடாம அப்படியே எழுதி ஊருக்கு அனுப்பினார் பாருங்க, அது பயிற்சி.

நம்ம தெய்வங்களைப் பத்தி அவர் பெரிய புத்தகமே எழுதி 1713-ல ஹாலேக்கு அனுப்பினார். அங்க இருந்த பெரியவர் ஃபிராங்கே என்ன சொன்னார்? உங்களை அனுப்பினது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவுல பரப்ப இல்லைங்கிற மாதிரி பதில். புத்தகம் தூங்கிடுச்சு. 1867-லதான் சென்னையில அச்சாச்சு. நூத்தி அம்பத்திநாலு வருஷம்! கத்துக்கப் போனவனுக்கு அனுப்பினவனைவிட அதிகம் தெரிஞ்சுட்டா வர்ற சிக்கல் இது. நம்ம முகாம் நடத்துனர்களுக்கு இந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு நாளாகும்னு பாக்கணும்னா நம்ம தமிழ் பைபிளையே எடுத்துக்கோங்க. கடவுளை என்னன்னு சொல்றது? சீகன்பால்க் காலத்துல சர்வேசுரன். ஃபப்ரீசியுஸ் பராபரன்னார். பவர் குழு 1871-ல தேவன்னு மாத்துச்சு, அதுதான் இன்னமும் எங்க வீடுகள்ல. அப்புறம் வந்த பொது மொழிபெயர்ப்புல கடவுள். முந்நூறு வருஷமா, இவ்வளவு இலக்கியம் இருக்கிற தமிழ்லயே ஒரு சொல் நிலைக்கு வரல. இந்த லட்சணத்துல நேத்து ராத்திரி கத்துக்கிட்ட நாப்பது வார்த்தையில மலைமேல போய் இறையியல் பேசறோம்.

பயிற்சியே இல்லாததுதான் பிரச்சனைன்னு இதுவரைக்கும் நான் சொன்னதா தோணலாம். இல்லை. பயிற்சி இருந்தும் கெட்ட கதை ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. 2018 நவம்பர்ல அந்தமான் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் அம்பு பட்டுச் செத்த ஜான் ஆலன் சாவ். இருபத்தாறு வயசு. கல்லூரி முடிச்சவர். மொழியியல் படிச்சிருந்தார். தடுப்பூசி போட்டுக்கிட்டார், தன்னைத் தனிமைப்படுத்திக்கிட்டார். அவருக்குப் பயிற்சி கொடுத்த அமெரிக்க அமைப்பு ஒரு போலி கிராமமே செட் போட்டு, ஆளுங்களைப் பொய் ஈட்டியோட புரியாத பாஷையில கத்தவிட்டு, உள்ள போய்ப் பழகற பயிற்சி கொடுத்ததா அப்போ செய்தி வந்துச்சு. உள்ளே போறது எப்படின்னு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. "வராதே"ன்னு ஒருத்தன் அம்பு விட்டுச் சொன்னா திரும்பறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கல. முதல் தடவை போனப்போ அம்பு வந்துச்சு, திரும்பினார், மறுபடி போனார்.

அந்தத் தீவுக்காரங்க ஏன் அம்பு விடறாங்கன்னு யோசிச்சா 1880-ல போகணும். வெள்ளைக்கார அதிகாரி போர்ட்மேன் ஒரு வயசான தம்பதியையும் குழந்தைகளையும் பிடிச்சுட்டு போர்ட் பிளேருக்கு வந்தார். வயசானவங்க ரெண்டு பேரும் நோய்ல செத்தாங்க, பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாங்க. 1967-ல இருந்து நம்ம மானுடவியல் துறைக்காரங்க அப்பப்போ படகுல போய் தேங்காய் மிதக்க விட்டுட்டு வந்தாங்க. 1991-லதான் அந்த ஜனங்க தண்ணிக்குள்ள இறங்கி வந்து கையில வாங்கினாங்க. ஒரு தேங்காய் கை மாற இருபத்திநாலு வருஷம்! அப்புறம் அந்தப் பயணங்களையும் அரசாங்கம் நிறுத்திடுச்சு, வெளியாள் கொண்டுபோற சளிக்காய்ச்சலே அவங்களை அழிச்சுடும்னு. எங்க சபைகள்ல சாவை இரத்தசாட்சின்னு சொல்லி ஜெபம் பண்ணினவங்க உண்டு. எனக்கு அது ஒப்பல. செத்தவர் மேல பரிதாபம் இருக்கு. இருபத்தாறு வயசுப் பையனோட ஆவேசத்துக்குக் கடிவாளம் போடாத பெரியவங்க மேலதான் கோவம்.

கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் வேற. 1965-ல இருபத்திநாலு வயசுல ஒடிசா வந்தவர். பாரிபடாவுல தொழுநோயாளிகளோட முப்பத்திநாலு வருஷம். ஒடியா அவருக்குத் தண்ணி பட்ட பாடு. 1999 ஜனவரியில ரெண்டு பிள்ளைகளோட ஜீப்புல வச்சுக் கொளுத்தினாங்க. பயிற்சி, பாஷை, பொறுமை எல்லாம் இருந்தும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. இதை மறைச்சுட்டு "ஜாலியா போயிட்டு வரலாம் தம்பி"ன்னு கூட்டிட்டுப் போறது அநியாயம். பல மாநிலங்கள்ல மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கு. ஒடிசாவுல 1967-ல இருந்து, ஜார்க்கண்ட்ல 2017-ல இருந்து. நம்ம தமிழ்நாட்டுலயே 2002-ல கொண்டுவந்து 2004-ல வாபஸ் வாங்கினாங்க. பரப்புற உரிமைன்னா அடுத்தவனை மாத்தற உரிமை இல்லைன்னு 1977-ல ஸ்டெனிஸ்லாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னைக்கும் நிக்குது. இந்தச் சட்டங்களை நான் ஆதரிக்கல, ஒரு மனுஷன் எதை நம்பணும்னு கலெக்டர்கிட்ட எழுதிக் கொடுக்கச் சொல்றது அபத்தம். ஆனா ஒரு பையனை அங்க கூட்டிட்டுப் போறவன் அவன் மேல எந்தப் பிரிவுல கேஸ் விழும்னு முன்கூட்டியே, அவன் அப்பா அம்மாவையும் உக்கார வச்சுச் சொல்லணுமா இல்லையா? எந்த முகாம்லயாவது ஒரு வக்கீல் வந்து ஒரு மணி நேரம் வகுப்பெடுத்து நான் பாத்ததில்லை.

இப்போ எங்க ஆளுங்களுக்குக் கசக்கற விஷயம். கலாச்சாரம் கடக்கறதுக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் போகணுமா? எங்க பக்கத்துல ஒரே சபைக்குள்ள சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வச்சிருக்கிற ஊர் உண்டு. பிஷப் எலெக்‌ஷன் வந்தா சாதிக்கணக்கு போடறதுல அரசியல் கட்சிக்காரன் பிச்சை வாங்கணும். மலைமேல ஒரு பழங்குடி வீட்டுல உக்காந்து அவங்க கொடுக்கிற கஞ்சியைக் குடிச்சு போட்டோ எடுத்துக்கிற பையன், சொந்த ஊர் காலனியில ஒரு வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கானா? குடிச்சுட்டு வந்தா அவங்க அம்மா என்ன சொல்வாங்க? தூரத்து மனுஷனை நேசிக்கிறது சுலபம் சார். அவன் நம்ம வீட்டுல பொண்ணு கேட்டு வரமாட்டான்.

"குறை சொல்லாதே, வழி சொல்லு"ன்னு கேப்பீங்க.

வேலூர் சி.எம்.சி. எனக்கு ஒரு மாதிரி. ஐடா ஸ்கடர் 1918-ல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்ச இடம். அங்க சபைகள் பரிந்துரைச்சு அனுப்பற மாணவர்கள் படிப்பு முடிச்சதும் ரெண்டு வருஷம் ஏதாவது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும்னு ஏற்பாடு. எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்துலயே கிராமத்துல கொண்டுபோய்த் தங்கவச்சு வீடுவீடா கணக்கெடுக்கச் சொல்லுவாங்க. முதல்ல ஒரு தொழில் கையில, அப்புறம் வருஷக்கணக்குல ஒரு இடம். போற இடத்துல இவனால ஒரு பிரயோஜனம் இருக்கு. கிட்டார் மட்டும் தெரிஞ்ச பையனால என்ன பிரயோஜனம்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. இதுக்கு ரயிலே ஏற வேண்டாம். ஜார்க்கண்டும் ஒடிசாவும் பீகாரும் திருப்பூர்ல இருக்கு, கோயம்புத்தூர்ல இருக்கு, உங்க ஊர்ல கட்டிட வேலை நடக்கிற இடத்துல தகரக் கொட்டாய் போட்டு இருக்கு. பரோட்டா போடற தம்பிகிட்ட பேரைக் கேட்டிருக்கீங்களா? நாம எல்லாரையும் "இந்திக்காரன்"னு ஒரே பேர்ல கூப்பிடறோம். அதுல சந்தாலி பேசறவன், ஒடியா பேசறவன், போஜ்புரி பேசறவன் எத்தனை பேர். மிஷனெரி ஆசை இருக்கிற கல்லூரிப் பையன் ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தக் கொட்டாய்ல போய் உக்காரட்டும். பிரசங்கம் பண்ணாம. டிராக்ட் கொடுக்காம. அவங்க பாஷையை அவங்ககிட்டயே கத்துக்கட்டும், பதிலுக்கு பஸ் போர்டு படிக்கத் தமிழ் சொல்லிக் கொடுக்கட்டும். சம்பளம் கொடுக்காத மேஸ்திரிகிட்ட கூடப் போய்ப் பேசட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும். ஒரு வருஷம் கழிச்சும் ஆசை இருந்தா அவன்கிட்ட ஏதோ இருக்கு, மொழிப் பயிற்சிக்கு அனுப்புங்க. நாலாவது வாரமே போரடிச்சா, பையனுக்குக் கிரிக்கெட் இருக்கு, காதல் இருக்கு, ஒரு பாவமும் இல்லை. மலைமேல இருக்கிறவங்க தப்பிச்சாங்க.

செலவுக் கணக்கும் இதுல ஒண்ணுமில்லை. முப்பது பேருக்கு ரயில் டிக்கெட், டி-சர்ட், சாப்பாடு போடற காசுல அந்தக் கொட்டாய்ல இருந்தே நல்லாப் பேசத் தெரிஞ்ச ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்து வருஷம் பூரா சந்தாலி வாத்தியாரா வச்சுக்கலாம்.

இதை எங்க சபைக் கமிட்டியில இருக்கிற அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாத்தேன். முழுசும் பொறுமையாக் கேட்டார். "நல்ல யோசனைதாம்டே. ஆனா வருஷாந்திர அறிக்கைக்கு போட்டோ எங்க இருந்து எடுக்க?"ன்னார்.

டிஸ்கி: மிஷனெரியைத் திட்டணும்னே வர்றவங்க, முழுசாப் படிச்சுட்டுத் திட்டவும். மால்டோ, குடுக்கு, கோண்டி மாதிரி மொழிகள் தெரிஞ்சவங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா "நாம்/நாங்கள்" விஷயத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க, அதுக்குத் தனிப் பதிவே போடலாம்.